கண் திறக்காத அன்னம்

அன்புள்ள சரவணா,

கூரியர் கவரைப் பார்த்ததும் பயந்துவிடாதே. என் உடம்புக்கு ஒன்றும் இல்லை, வீட்டுக்கும் ஒன்றும் இல்லை. ஆனால் இதை நின்றுகொண்டே படிக்காதே, உட்கார்ந்து படி. உன் தீசிஸைக் கொடுக்க இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது என்று ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னாய். அதில் ஒரு பொய் இருக்கிறது. அதைச் சொன்னவள் நான். நீ அதை அச்சடித்துக் கொடுத்துவிடுவதற்குள் இந்தக் கடிதம் உன் கையில் கிடைக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் நீ, "அம்மா, உன் பேட்டிதான்மா என் முதல் சேப்டரே, என் கைடு படிச்சிட்டு பிரமாதம்னு சொன்னாரு" என்றாய். நான் பேச்சை மாற்றிவிட்டேன். அதற்குப் பிறகு மூன்று தடவை கூப்பிட்டேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஈ-மெயிலில் எழுதலாம் என்றால், நான் தமிழில் அடிப்பது உனக்கு அங்கே வெறும் கட்டம் கட்டமாக வருகிறது என்கிறாய். எத்தனையோ வருஷமாகக் கட்டங்களில்தான் என் பிழைப்பு நடக்கிறது. ஆனாலும் இந்த விஷயத்தை அந்தக் கட்டங்களில் சொல்ல முடியாது. அதனால் பேனாவை எடுத்தேன்.

போன ஆடிக்கு முந்தைய ஆடியில் வந்து நீ மூன்று மாதம் தங்கினாயே, ஞாபகம் இருக்கிறதா? தினமும் காலையில் பஸ் பிடித்துச் சென்னைக்குப் போய், கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கி, கம்ப்யூட்டர்காரர்களைப் பேட்டி எடுத்துக்கொண்டு வந்தாய். மாடல், மாடல் என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தாய். நான் முதலில் ஏதோ புடவை கட்டிக்கொண்டு போட்டோவுக்கு நிற்கும் பெண்களைப் பற்றித்தான் ஆராய்ச்சி செய்கிறாயோ என்று நினைத்தேன். நீ தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாய். அப்புறம் நான் தோசை வார்த்துக்கொண்டிருக்கும்போது அடுப்பு மேடையில் சாய்ந்துகொண்டு விளக்கினாய். ஒரு புரோகிராம் எப்படி வேலை செய்ய வேண்டும் என்று முதலில் படமாக வரைந்துவிடுவார்கள், அந்தப் படத்திலிருந்து புரோகிராம் தானாக உருவாகி வந்துவிடும், திருத்தம் வேண்டுமென்றால் படத்தில்தான் திருத்த வேண்டும், வெளியே வந்ததில் கை வைக்கக்கூடாது. இதுதான் புத்தகத்தில் இருக்கும் முறை, தொழிலில் இருப்பவர்கள் நிஜமாகவே அப்படித்தான் செய்கிறார்களா என்பதுதான் என் கேள்வி என்றாய். நான் உடனே பெருமையாகச் சொன்னேன், "அட, இதைத்தானேடா நான் செஞ்சிக்கினு இருக்கேன்!" என்று. அந்த நிமிஷம் உன் முகம் மலர்ந்ததே, அதற்காகத்தான் அடுத்த நாள் அவ்வளவு பொய்யும் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

நான் சொன்னதில் பாதி உண்மைதான். எங்கள் கடையில் கம்ப்யூட்டரில் புடவை டிசைனைக் கட்டம் கட்டமாக வரைவது என் வேலை. அந்தப் படத்தைப் பார்த்து அட்டைகளில் துளை போடுவார்கள். அந்த அட்டைகளைக் கோத்துத் தறிக்கு மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டியில் மாட்டினால், துளை இருக்கிற இடத்துக்கு ஒரு மாதிரியும் இல்லாத இடத்துக்கு ஒரு மாதிரியும் இழை தூக்கும், அன்னமும் மயிலும் ஜரிகையில் வரும். படம்தான் உன் மாடல், அட்டைதான் உன் புரோகிராம். பொருத்தம் அச்சு அசலாக இருந்தது. நீ துள்ளிக் குதித்தாய். கடைக்கே ரிக்கார்டரோடு வந்து என் எதிரில் உட்கார்ந்தாய்.

ஆனால் அங்கே உட்கார்ந்தது என் பிள்ளை இல்லை, சரவணா. கையில் கேள்வித் தாள் வைத்திருந்த ஓர் ஆபீசர். "நீங்க எப்பவாவது அட்டையை நேரடியா கையால திருத்துவீங்களா?" என்று என்னைப் போய் நீங்க, வாங்க என்றாய். ரிக்கார்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது. பெற்ற அம்மாவுக்கே நாக்கு மாறிப்போனது. பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்டர் வந்தால் பிள்ளைகள் பேசுமே, அந்தத் தமிழில், "இல்லை, எங்கள் நிறுவனத்தில் அப்படிச் செய்யும் வழக்கம் இல்லை. எல்லாத் திருத்தமும் படத்தில்தான் செய்வோம்" என்றேன். நிறுவனமாம்! ஒழுகுகிற கூரையும் இரண்டு டியூப் லைட்டும் இருக்கிற கடைக்கு நிறுவனம் என்று பெயர் வைத்தேன். நீ எழுதிக்கொண்டாய்.

உண்மை என்னவென்றால் எங்கள் கடையில் அதற்கென்றே ஒரு சொல் இருக்கிறது. "கண் திறக்கிறது" என்போம். அட்டையில் ஒரு துளை தப்பாக விழுந்திருந்தால் அதன் மேல் சின்னத் தாளை ஒட்டி அடைப்பது, வேண்டிய இடத்தில் துளை இல்லையென்றால் ஆணியால் குத்தித் திறப்பது, எல்லாவற்றுக்கும் அந்த ஒரே பெயர்தான். புது அட்டை தறிக்குப் போனால், "கண் தொறந்தாச்சா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். சன்னதித் தெருவில் சிலைக்குக் கண் திறப்பதை வைத்து யாரோ கேலியாக ஆரம்பித்தது, நிலைத்துவிட்டது. படத்தை யாரும் தொடுவதில்லை. தறி நிற்கும்போது தறிக்காரருக்கு வேண்டியது படம் இல்லை, அட்டை. படத்தைத் திருத்தி, தாளில் எடுத்து, முதலாளியிடம் காட்டி, மறுபடி அட்டை அடித்து வருவதற்குள் இரண்டு நாள் போய்விடும். தாள் ஒட்ட ஒரு சொட்டுக் கோந்து போதும். எல்லோரும் அதைத்தான் செய்தோம், எல்லோருக்கும் தெரியும், உன்னிடம் மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

இதோடு போயிருந்தால் ஏதோ அம்மா கொஞ்சம் அளந்துவிட்டாள் என்று நீ சிரித்துவிட்டுப் போகலாம். இது அதோடு போகவில்லை. அந்த அன்னக்கரைப் புடவைக் கதை உனக்குத் தெரியும். தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். நீ பிளஸ் ஒன் படிக்கும்போது நான் வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னேன், தறிக்காரர் தப்பைக் கம்ப்யூட்டர் மேல் போடப் பார்த்தார், என் படத்தில் தப்பே இல்லை என்று முதலாளியே ஒத்துக்கொண்டார் என்று. நீ அதை உன் கூட்டாளிகளிடம் எல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாய். கம்ப்யூட்டர்தான் படிப்பேன் என்று அந்த வருஷம்தான் அடம்பிடித்தாய். அந்தக் கதையை இப்போது நிஜமாகச் சொல்கிறேன், கேள்.

பிள்ளையார்பாளையத்தில் தயாளன் என்று ஒருவர் எங்கள் கடைக்கு நெய்துகொண்டிருந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், அதிகம் பேசமாட்டார். கடைக்குக் கம்ப்யூட்டர் வந்த புதிதில் நான் வரைந்த முதல் பெரிய டிசைன் அந்த அன்னக்கரை. முதல் முழம் நெய்ததும் அவர் கடைக்கு வந்தார். "இன்னாம்மா இது, அன்னத்துக்குக் கண்ணே இல்லாம வந்துக்கினு இருக்குது?" என்றார். பார்த்தேன். கண் வர வேண்டிய இடத்தில் இரண்டு கட்டங்களை நான் வெறுமையாக விட்டிருக்க வேண்டும், விடாமல் நிரப்பிவிட்டேன். தலை முழுக்க ஜரிகையாக, குருட்டு அன்னம். உன் அப்பா போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கம்ப்யூட்டர் வேண்டாம், கையால் வரைவதே போதும் என்று முதலாளியின் தம்பி அப்போது தினமும் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார், ஒரு தப்பு கிடைத்தால் என்னையும் கம்ப்யூட்டரையும் சேர்த்து வெளியே தள்ளிவிடுவார். "அண்ணே, ரெண்டு அட்டையில தாள் ஒட்டிக்கோங்க, யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போய் ஒட்டிக்கொண்டார். கண் வந்துவிட்டது. ஒரு வருஷம் அந்த அட்டையில் எத்தனையோ அன்னம் நெய்தார், எல்லாம் கண்ணோடு.

அடுத்த மழைக்கு அவர் வீட்டுக் கூரை ஒழுகி அட்டை முழுக்க ஊறிப்போயிற்று. படம்தான் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருக்கிறதே என்று புது அட்டை அடித்துக் கொடுத்தோம். படம் பத்திரமாகத்தான் இருந்தது, தப்போடு. அவரும் அவசரத்தில் ஒட்டாமல் விட்டுவிட்டார். அது ஒரு முகூர்த்தப் புடவை, நாள் நெருங்கிவிட்டது. இரண்டாம் நாள் அவர் கவனித்துவிட்டு ஓடி வந்தார். முதலாளியும் தம்பியும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். "பழைய மாதிரி கண்ணு வரலையேம்மா, படத்தைக் கொஞ்சம் பாக்கறீங்களா?" என்றார். நான் படத்தைப் பார்க்கக்கூட இல்லை. "அட்டை சரியாத்தான் இருக்குது. உங்க பெட்டியில ஊசி ஏதாவது மாட்டிக்கினு இருக்கும், போய்ப் பாருங்க" என்றேன். யாரிடமும் சொல்லாதீங்க என்று நான் கேட்டது அவருக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. தாள் ஒட்டிய கதையைச் சொல்லாமலே போய்விட்டார். அதற்குமேல் நெய்ததில் தாள் ஒட்டிக் கண்ணை வரவழைத்துவிட்டார், ஆனால் நெய்து முடிந்த இரண்டு முழத்தை என்ன செய்ய முடியும்? கல்யாணப் புடவையில் சில அன்னம் குருடாக இருக்கிறது என்று பெண் வீட்டார் புடவையைத் தூக்கி எறிந்துவிட்டார்கள். முதலாளி என்னைக் கூப்பிட்டு, படத்தில் தப்பு இருக்க வாய்ப்பு உண்டா என்று கேட்டார். "கம்ப்யூட்டர் தப்பு பண்ணாதுங்க" என்றேன். தயாளனுக்குத் தறியில் ஏற்றும் பாவு நூல் கொடுப்பதை அன்றோடு நிறுத்திவிட்டார்கள். பாவு கிடைக்காத தறியில் என்ன இருக்கிறது, வெறும் மரம். அவர் கைவேலை சரியில்லை என்ற பேச்சு மற்ற கடைகளுக்கும் போய்விட்டது.

அன்று சாயங்காலம் எல்லோரும் போன பிறகு அந்தப் படத்தைத் திறந்தேன். இரண்டு கட்டமும் நிரம்பியே இருந்தது. திருத்தியிருக்கலாம் அல்லவா? திருத்தவில்லை. ஏன் தெரியுமா? திருத்தினால் கம்ப்யூட்டர் திருத்திய தேதியைக் காட்டும். தம்பி பார்த்துவிட்டால் மாட்டிக்கொள்வேன். மூடிவிட்டு வீட்டுக்கு வந்து, உன்னிடம் அந்தப் பெருமைக் கதையைச் சொன்னேன். அதற்குப் பிறகு அந்தப் படத்திலிருந்து எத்தனை தடவை அட்டை அடித்தார்களோ அத்தனை தடவையும் யாரோ ஒரு தறிக்காரர் தாள் ஒட்டிக் கண் திறந்தார். நான் தினமும் அந்தக் கம்ப்யூட்டர் முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன்.

இத்தனை வருஷம் கழித்து இதை ஏன் இப்போது அவிழ்க்கிறேன் என்று கேட்கிறாயா? நீ பேட்டி எடுத்தவர்களில் பதினோராம் நபரால். வேளச்சேரியில் ஒரு கம்பெனியில் பேட்டி எடுத்தேன் என்று அந்த ஆடியில் ஒரு நாள் வந்து சொன்னாயே, அவர்தான். "அந்தாளு படத்துல இருந்து புரோகிராமை எடுத்துட்டு, அதுல கை வெச்சு மாத்திட்டு, படத்தை அப்படியே வுட்டுடறாராம்மா. எல்லாரும் அப்படித்தான் செய்யறாங்க, வெளிய சொல்லமாட்டாங்கன்னு வேற சொல்றாரு" என்று சிரித்தாய். எனக்குத் தோசைக் கரண்டி கையிலிருந்து நழுவியது, நீ கவனிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவரைப் பற்றிக் கேட்டேன். "அவரையா? தூக்கிட்டேன்மா. மெத்தடே புரியாத ஆளு. நீ காஞ்சிபுரத்துல இருந்துக்கினு ஒழுங்கா செய்யும்போது, ஒரு சாப்ட்வேர் இன்ஜினியர் செய்யாம இருந்தா அது அவர் தப்பு, மெத்தட் தப்பு இல்ல" என்றாய். என் வார்த்தையை வைத்து அவரைத் தூக்கிவிட்டாய், சரவணா. தயாளனைத் தூக்கியதும் இதே வார்த்தைதான். அந்த வேளச்சேரிக்காரர் பெயர்கூடத் தெரியாது எனக்கு. உன் அத்தனை பேட்டியிலும் உண்மை பேசியவர் அவர் ஒருவர்தானோ என்று நினைத்து நினைத்து நான் சாப்பிட்டு இரண்டு நாள் ஆகிறது.

மற்றவர்கள் எல்லோரும் பொய்யர்கள் என்று சொல்லவில்லை. அவர்களும் என்னைப் போலத்தான், நல்லவர்கள், வேலை தெரிந்தவர்கள். சிவப்பு விளக்கைப் பார்த்ததும் செய்வதைச் சொல்லாமல் செய்ய வேண்டியதைச் சொல்லியிருப்பார்கள். இனிமேல் யாரிடமும் "எப்படிச் செய்வீங்க?" என்று கேட்காதேப்பா. "அதை எடுங்க, பாக்கலாம்" என்று சொல். அன்று நீ என்னிடம் ஒரே ஓர் அட்டையைக் கேட்டு வாங்கி வெளிச்சத்தில் பிடித்திருந்தால் போதும், ஒட்டிய தாள் எல்லாம் தெரிந்திருக்கும். என்னால் ஒரு வார்த்தை அளந்திருக்க முடியாது. அப்புறம், ஏன் ஒட்டினீங்க என்று திட்டாமல் கேள். தறி நிற்கிறது, ஆபீசில் பயம், திருத்தினால் தேதி காட்டும். உன் புத்தகத்தில் எழுத வேண்டியது அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. நான் பத்தாவது படித்தவள், உனக்குச் சொல்லும் தகுதி இல்லை, ஆனாலும் சொல்கிறேன்.

திங்கட்கிழமை தயாளனைத் தேடிப் போனேன். முதலாளியிடம் சொல்ல முடியாது, அவர் போன வருஷமே போய்விட்டார். தயாளன் இப்போது கூரத்தில் மனைவி வீட்டோடு இருக்கிறார், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வாட்ச்மேன். நீலச் சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன், அழுதுவிட்டேன். அவர் காலில் விழப் போனேன், நகர்ந்துகொண்டார்.

"எனக்குத் தெரியாதாம்மா? தாள் ஒட்டனவனே நான்தானே" என்றார்.

"அப்ப ஏண்ணே அன்னிக்கே சொல்லல?"

"வூட்டுக்காரரு போய் ஒத்தையா புள்ளைய வெச்சிக்கினு இருந்தீங்க. அதுவும் இல்லாம, கம்ப்யூட்டர் சொல்லுச்சுன்னா நம்புவாங்க, நான் சொன்னா எவன் நம்பப் போறான்?" சைக்கிளை எடுத்துத் தள்ளிக்கொண்டு தெரு முனை வரை போனார். அங்கே நின்று திரும்பி, "அந்தப் படத்தையாவது திருத்திட்டீங்களாம்மா?" என்று கேட்டார். அவர் ஏறிப் போய்விட்டார். சரவணா, அவர் என்னைத் திட்டியிருந்தால் நான் வீட்டுக்கு வந்து தூங்கியிருப்பேன்.

மறுநாள் கடைக்குப் போனதும் அதைத்தான் முதலில் செய்தேன். இப்போது இருக்கும் கம்ப்யூட்டர் நாலாவது, ஆனால் பழைய படங்களை எல்லாம் அப்படியே மாற்றி ஏற்றி வைத்திருக்கிறார்கள். தேடி எடுத்துத் திறந்தேன். அந்த அன்னம் அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே குருடாக இருந்தது. இரண்டு கட்டத்தையும் அழித்தேன். சேமித்தேன். தேதி மாறியது, நேற்றைய தேதி. யாரும் எட்டிப் பார்க்கவில்லை, யாரும் ஒன்றும் கேட்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

என்னை முதல் அத்தியாயத்திலிருந்து எடுத்துவிடு. பெயர் போடாமல் முதல் நபர் என்றுதான் போட்டிருப்பாய், அதனால் எனக்கு அவமானம் இல்லை, இருந்தாலும் பரவாயில்லை. எடுக்க மனமில்லை என்றால் இந்தக் கடிதத்தையே போட்டுக்கொள். அந்தப் பதினோராம் நபருக்கு இன்றே போன் செய். பட்டம் தள்ளிப்போனால் போகட்டும், உன் கைடு கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். நீ அச்சடித்துவிட்டால் அதைப் பார்த்து யாராரோ அட்டை அடிப்பார்கள், எங்கேயோ ஒரு தயாளன் வேலை போய் நிற்பான், அவனுக்கு உன் முகம்கூடத் தெரியாது. இந்தக் கவரோடு பழைய அட்டை ஒன்று வைத்திருக்கிறேன். ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் பிடித்துப் பார். உனக்குப் போய்ச் சேர ஆறு நாள் ஆகும் என்கிறார் கூரியர்காரர். இன்று புதன்கிழமை. எனக்கு ஒரு நிமிஷ வேலையைச் செய்யப் பதினோரு வருஷம் ஆயிற்று. உனக்கு இன்னும் மூன்று நாள் இருக்கும்.

அம்மா